நவம்பர் முதல் பிப்ரவரி வரை: ஒரே பந்தயம், ஒரே கார்

அமெரிக்காவின் நாஸ்கார் கப் கார்ப் பந்தயத் தொடர் நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். அடுத்த ஆண்டின் தொடக்கப் பந்தயமான டேடோனா 500 பிப்ரவரி நடுவில்தான். இடையில் ஏறக்குறைய 14 வாரம். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் இந்தப் பந்தயத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஆண்டு முழுவதும் திங்கட்கிழமை விடியற்காலைதான் பந்தய நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு மாலை 3 மணி என்றால் கோடையில் நமக்குத் திங்கள் அதிகாலை 3 மணி. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகிற நேரத்தில் கடைசிச் சுற்றுகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கம் திடீரென்று நின்றதும் பலர் பழைய விபத்துக் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் துண்டு துண்டாகப் பார்த்தே மூன்று மாதத்தையும் கழித்துவிடுகிறார்கள். அதில் ஒன்றும் கையில் தங்குவதில்லை.

இந்த 14 வாரத்துக்கு ஒரே ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓடிய ஒரே ஒரு காரை 1/24 அளவுப் பிளாஸ்டிக் மாடலாகக் கட்டுங்கள். டயர், எரிபொருள், காற்று, விதிமுறை என்று இந்த விளையாட்டில் தெரிந்துகொள்ள வேண்டியவை எல்லாம் அந்த ஒரு கார் வழியாகவே வந்து சேரும். பந்தயம் இல்லாத காலம் ஒன்றும் வெறுமையான காலமும் அல்ல. நாஸ்கார் அமைப்பே அப்படியொரு டிசம்பரில்தான் உருவானது. 1947 டிசம்பர் 14 அன்று டேடோனா பீச்சின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில் பேச்சு தொடங்கி, 1948 பிப்ரவரியில் அமைப்பு பதிவானது. விதிகளைத் திருத்துவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். 2022 அக்டோபர் 30 அன்று மார்ட்டின்ஸ்வில்லில் ராஸ் சாஸ்டெய்ன் கடைசிச் சுற்றில் சுவரோடு காரை ஒட்டி முழு வேகத்தில் ஓட்டி ஐந்து இடம் முன்னேறினார். அப்படி ஓட்டினால் இனி தண்டனை உண்டு என்ற அறிவிப்பு அடுத்த ஜனவரியில் வந்தது.

எந்தப் பந்தயம் என்பது அவரவர் விருப்பம். எங்கள் பரிந்துரை 1987 மே 3, அலபாமாவின் டாலடேகா. அந்த வாரம் தகுதிச் சுற்றில் பில் எலியட் சிவப்பு ஃபோர்ட் தண்டர்பேர்டில் மணிக்கு 212.809 மைல் வேகம் எடுத்தார், ஏறக்குறைய 342 கிலோமீட்டர். நாஸ்காரில் அதைவிட வேகமான தகுதிச் சுற்று இன்றுவரை கிடையாது. பந்தயத்தில் பாபி அலிசனின் இயந்திரம் வெடித்து, சிதறிய துண்டு பின் டயரைக் கிழித்தது. கார் பின்பக்கமாகத் திரும்பியதும் காற்று அடியில் புகுந்து தூக்க, பார்வையாளர் வேலியைக் கிழித்துக்கொண்டு போனது. வேலியைச் சரிசெய்ய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முன்னால் ஓடிக்கொண்டிருந்த அவருடைய மகன் டேவி அலிசன் அதே பந்தயத்தில் தன் முதல் வெற்றியைப் பெற்றார். 1988இலிருந்து டேடோனாவிலும் டாலடேகாவிலும் இயந்திரத்துக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு கட்டாயமானது இந்த விபத்தால்தான். ஒரு பந்தயத்துக்குள் இவ்வளவு இருக்கிறது. எலியட்டின் கார் ஒரே சிவப்பு நிறம் என்பதால் முதல் முறை வண்ணம் அடிக்கிறவருக்கும் ஏற்றது.

டேல் எர்ன்ஹார்ட்டின் கறுப்பு 3ஆம் எண் காரைத்தான் எல்லாரும் முதலில் கட்ட ஆசைப்படுவார்கள். 20ஆவது முயற்சியில் 1998இல் அவர் டேடோனா 500 வென்ற காரை யாருக்குத்தான் பிடிக்காது! ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் கறுப்பு மிகவும் கடினம். வண்ணத்தில் லேசாக வெண்மை படிந்தாலும் பளிச்சென்று தெரியும். ரிச்சர்ட் பெட்டியின் 43இல் நீலத்தோடு வரும் ஒளிரும் சிவப்பு பாதி ஊடுருவும் வண்ணம். அடியில் தூய வெள்ளை இல்லாவிட்டால் செங்கல் நிறமாகிவிடும். ஜெஃப் கார்டனின் வானவில் 24இல் வேலை முழுவதும் ஒட்டுப்படத்தில்தான். மூன்றும் அழகு, மூன்றும் இரண்டாவது காருக்கு உரியவை.

காலத்தைச் சரியாகப் பிடிப்பது அடுத்த வேலை. கார் பின்பக்கமாகத் திரும்பினால் மேலெழும்பி அதைத் தரையோடு பிடிக்கும் கூரை மடல்கள் 1994இல் வந்தவை, ஆகவே 1987 காரின் கூரை வழவழப்பாக இருக்க வேண்டும். பிந்தைய ஆண்டின் கூரையோடு வரும் பெட்டியை வாங்கிவிட்டால் மடல் கோடுகளைப் புட்டியால் நிரப்ப வேண்டிவரும். சக்கரம் 15 அங்குல எஃகு, ஐந்து நட்டு. 2022இல் வந்த புதிய தலைமுறைக் காரில்தான் 18 அங்குல அலுமினியச் சக்கரமும் நடுவில் ஒரே நட்டும். கதவில் உள்ள எண் முன்சக்கரத்தை நோக்கி நகர்ந்ததும் அதே 2022இல்தான். எரிபொருளைப் பீய்ச்சும் முறை (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) 2012இல்தான் வந்தது, எனவே இயந்திரத்தின் மேல் நான்கு வாய் கார்புரேட்டர் இருக்க வேண்டும். அதன் அடியில் தகடு இருக்கக் கூடாது, அது அடுத்த ஆண்டின் விஷயம். கதவு திறக்காது, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் ஏறுவார், இடப்பக்க ஜன்னலில் வலை. பின் பம்பரில் மஞ்சள் பட்டை இருந்தால் அது புதுமுக ஓட்டுநரின் கார். எலியட்டின் காருக்கு அது தேவையில்லை, டேவி அலிசனுக்கு அந்த ஆண்டு தேவை.

பெட்டி வாங்குவதில் இரண்டு வழி. மோனோகிராம் 1980களில் வெளியிட்ட 1/24 பெட்டிகள் இன்னும் இணையத்தில் பழைய சரக்காகக் கிடைக்கின்றன. சால்வினோஸ் ஜேஆர் நிறுவனம் இப்போது புதிதாக அச்சடிக்கிறது. பழைய பெட்டியில் பிளாஸ்டிக் கெடாது, ஒட்டுப்படத் தாள்தான் கெட்டிருக்கும். ஆகவே விற்பவரிடம் தாளின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு வரி உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். தெளிப்பு டப்பாக்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முயலாதீர்கள். அழுத்தம் அடைத்த டப்பாவை வானஞ்சலில் ஏற்றமாட்டார்கள். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ மாடல் கடையில் நேரில் வாங்குவதே நல்லது.

பெட்டி வந்து சேரும்வரை பந்தயத்தைப் பாருங்கள். நாஸ்காரின் யூடியூப் பக்கத்தில் பழைய பந்தயங்கள் முழுநீளமாகவே இருக்கின்றன. கையில் ஒரு நோட்டுப் புத்தகம். இடமிருந்து வலமாகச் சுற்று எண், முன்னணியில் யார், கொடியின் நிறம், டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் இடமான பிட்டுக்கு வந்தவர், மாற்றியது இரண்டு டயரா நான்கா என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் பார்க்காமல் 30 சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி எழுதினால் எதுவும் விடுபடாது. பழைய ஒளிபரப்பில் திரையில் வரிசைப் பட்டியல் எப்போதும் இருக்காது. வர்ணனையாளர் சொல்லும்போதே பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குறிப்பிலிருந்து எரிபொருள் கணக்கு போடலாம். அந்தக் காலத் தொட்டி 22 காலன், டாலடேகா ஒரு சுற்று 2.66 மைல். பச்சைக் கொடியில், அதாவது முழு வேகத்தில், 40 சுற்று ஓடிவிட்டு ஒருவர் பிட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 106.4 மைல். தொட்டி ஏறக்குறையக் காலியாகியிருந்தால் காலனுக்கு 4.8 மைல். இதையே இன்னொரு காருக்கும் போட்டுப் பாருங்கள். இன்னொருவர் பின்னால் ஒட்டி ஓடியவருக்குக் காற்றின் தடை குறைவு, அதனால் சுற்று கூடுதலாக வரும். முன்னால் தனியாக ஓடியவருக்கு வராது. விபத்து நேரத்தில் மெதுவாக ஓடும் மஞ்சள் கொடிச் சுற்றுகளைத் தனியே கழிக்க மறந்தால் கணக்கு தவறும், அந்த வேகத்தில் எரிபொருள் செலவு மிகக் குறைவு. இப்படி இரண்டு பந்தயம் எழுதிப் பழகியவருக்குப் பிப்ரவரியில் நேரடி ஒளிபரப்பு பார்க்கும்போது யார் எண்ணெய் இல்லாமல் தவிக்கப்போகிறார் என்பது வர்ணனையாளர் சொல்வதற்கு முன்பே தெரியும்.

இனி வண்ணம். மழையோடு மல்லுக்கட்டுகிற வேலை இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பேராவில் அக்டோபர், நவம்பர் மழை அதிகமான மாதங்கள். காலையில் வெயில், பிற்பகலில் இடி மழை. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 95 விழுக்காட்டைத் தொடும், வெயில் ஏறினால் நண்பகலில் 60, 65க்கு இறங்கும். லாக்கர் வண்ணம் தெளிக்கும்போது அதிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நுண்துளியாகப் படிந்து வண்ணத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. பளபளப்பு போய் வெள்ளைப் புகை படர்ந்த மாதிரி ஆவது இதனால்தான். மின்னணுக் கடையில் கிடைக்கும் சிறிய ஈரமானி ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள். 70க்கு மேல் காட்டினால் பளபளப்பு வண்ணத்தைத் தொடாதீர்கள். நடைமுறையில் இது காலை 11 முதல் பிற்பகல் 1 வரை என்ற இரண்டு மணி நேரத்தைத்தான் தரும். மேகம் கட்டினால் அதுவும் இல்லை.

உடல் பாகத்தை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்ட வெதுவெதுப்பான நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்குத் தடவிய எண்ணெய் பாகத்தில் இருக்கும். அது போகாவிட்டால் வண்ணம் அங்கங்கே விலகி மீன்கண் போலக் குழி விழும். காய்ந்த பிறகு கையுறை போட்டே தொடுங்கள். அச்சு இணைந்த கோடு முன் மட்கார்டின் மேல் ஓடும், அதை 600 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். பிறகு 1000. கதவுக் கோடுகள், பானெட் கோடுகள் ஆகியவற்றை மழுங்கிய கத்திமுனையால் இரண்டு மூன்று முறை ஆழப்படுத்திக்கொள்ளுங்கள். ஐந்து அடுக்கு வண்ணத்துக்குப் பிறகு அவை மூடிப்போகும் என்பதால் இந்த வேலை.

அடிப்பூச்சு வெள்ளையாக இருக்கட்டும். சாம்பல் நிற அடிப்பூச்சின் மேல் சிவப்பு அடித்தால் மங்கிவிடும். டமியாவின் வெள்ளை நுண் அடிப்பூச்சு போதும். அதன் மேல் டமியா டிஎஸ் வரிசைச் சிவப்பு. பிஎஸ் வரிசை வேண்டாம், அது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் உடலுக்கு உரியது. இரும்புக்கடையில் விற்கும் சாதாரணத் தெளிப்பு வண்ணம் மலிவு என்பதால் பலர் அதை எடுக்கிறார்கள். அதன் கரைப்பான் கடுமையானது. கனமாக அடித்தால் பிளாஸ்டிக் பரப்பில் நுண்வெடிப்பு விழும், பிறகு எதைப் பூசினாலும் தெரியும். அடிச்சட்டத்துக்கும் இரும்புக் கூண்டுக்கும் மட்டும் மெல்லிய பூச்சாக அதைப் பயன்படுத்தலாம்.

தெளிப்பதற்கு முன் டப்பாவை ஏறக்குறைய 40 பாகை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள். கொதிநீரில் வைக்கவே கூடாது. உள் அழுத்தம் கொஞ்சம் கூடி, துளிகள் நுண்மையாக வரும். ஒரு நிமிடம் குலுக்குங்கள். காரை ஒரு மைலோ டின்னின் மேல் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் நிறுத்தினால் டின்னைப் பிடித்துச் சுற்றலாம், காரைத் தொட வேண்டியதில்லை. தூரம் 20 முதல் 25 சென்டிமீட்டர். அழுத்துவதைக் காருக்கு வெளியே தொடங்கிக் காருக்கு வெளியே விடுங்கள். முதல் இரண்டு பூச்சு தூறல் மாதிரி, வெள்ளை இன்னும் தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் 10 நிமிடம். மூன்றாவது பூச்சுதான் ஈரமாக, பளபளவென்று நனைகிற அளவுக்கு. முதல் பூச்சிலேயே மூடிவிட நினைத்தால் கதவின் கீழ்விளிம்பில் வழிந்து நிற்கும்.

வெண்புகை படிந்துவிட்டால் பதறி உடனே மேலும் அடிக்காதீர்கள். ஈரம் உள்ளேயே பூட்டப்படும். காரை உலர விட்டு, வெயில் நன்றாக இருக்கும் நாளில் மெல்லிய ஒரு பூச்சு கொடுங்கள். புதிய கரைப்பான் பழைய பூச்சை இளக்கி ஈரத்தை வெளியே விடும். பெரும்பாலும் போய்விடும். காற்றுத்தூரிகை வைத்திருப்பவருக்கு இன்னும் எளிது. மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் ஆவியாவதைத் தாமதப்படுத்தும் பொருள் கலந்திருப்பதால், ஒரு பங்கு வண்ணத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு அதைச் சேர்த்து 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்தால் வெண்மை அநேகமாக வராது. ஆனால் நம் ஊரில் கம்ப்ரசரின் நீர்ப்பிடிப்பானில் அரை மணி நேரத்திலேயே தண்ணீர் தேங்கும். திறந்துவிட மறந்தால் குழாய் வழியாக ஒரு சொட்டு வந்து கதவின் நடுவில் விழும், அந்தக் கதவை முழுவதும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

இடமும் முக்கியம். வீட்டு அஞ்சடியில், சுவர் ஒரு பக்கம் காற்றைத் தடுக்கும் இடத்தில் அடிப்பது நல்லது. சாமி விளக்கு எரியும் கூடத்திலோ கொசுவர்த்திச் சுருள் புகையும் இடத்திலோ அடிக்கவே கூடாது. தெளிப்பு வாயு தீப்பிடிக்கும், சுருளின் சாம்பலும் பறந்து வந்து ஈரவண்ணத்தில் உட்காரும். கரிம வாயு வடிகட்டி உள்ள முகமூடி போடுங்கள், மருத்துவமனைத் துணி முகமூடி இதற்குப் பயன்படாது. மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் விளக்கைத் தேடி வந்து ஈரவண்ணத்தில்தான் விழும். அடித்து முடித்ததும் காரை மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துவிடுங்கள். அடியில் அரை கிலோ ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் 110, 120 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடியும் வேலை செய்யும். வெயிலில் கார் கண்ணாடிக்குப் பின்னால் உடலைக் காயவைக்கும் யோசனை வேண்டாம். கூரைத் தூண்கள் வளைந்துவிடும். வண்ணம் காய்ந்ததா என்பதை மூக்கால் பாருங்கள். வாடை இருந்தால் இன்னும் கரைப்பான் வெளியேறிக்கொண்டிருக்கிறது, அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். மழை வாரத்தில் இதற்கு ஒரு வாரம்கூட ஆகும்.

ஒட்டுப்படம் அடுத்த கட்டம். பழைய தாள் மஞ்சளாகியிருந்தால் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் முகம் வெளியே தெரியும்படி ஒட்டுங்கள். ஓரிரு வாரத்தில் மஞ்சள் பெரும்பகுதி வெளுக்கும். தாளை நனைப்பதற்கு முன், உங்களுக்குத் தேவைப்படாத ஒரு சிறு விளம்பரச் சின்னத்தை வெட்டி நீரில் போட்டுச் சோதியுங்கள். அது துண்டு துண்டாக உடைந்தால் முழுத் தாளின் மேலும் திரவ ஒட்டுப்படப் படலத்தை ஒரு பூச்சு தடவி, ஒரு நாள் காயவிட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்த பிறகு ஒவ்வொரு சின்னத்தையும் விளிம்பை ஒட்டி வெட்ட மறக்காதீர்கள், இப்போது தாள் முழுவதும் ஒரே படலம்.

பரப்பு பளபளப்பாக இருந்தால்தான் ஒட்டுப்படம் சரியாக உட்காரும். மங்கலான பரப்பின் மேடுபள்ளத்தில் காற்று அடைந்து படத்தின் ஓரம் வெள்ளி நிறமாகத் தெரியும். வெதுவெதுப்பான நீரில் பத்து, பதினைந்து நொடி நனைத்து எடுத்து ஒரு ஈரத் துணியில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் தானே நழுவும். நீரிலேயே நெடுநேரம் கிடந்தால் பசை கரைந்து போகும். ஒட்டுப்படத்துக்கான திரவமான நீல லேபிள் மைக்ரோ செட்டை உடலில் தடவி அதன் மேல் படத்தை நழுவவிட்டு இடம் பிடியுங்கள். பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி நீரை வெளியேற்றுங்கள். பிறகு சிவப்பு லேபிள் மைக்ரோ சோல். இதைத் தடவியதும் படம் சுருங்கிக் கோரமாகத் தெரியும். கையை வைக்காதீர்கள். இருபது நிமிடத்தில் தானே இழுத்துக்கொண்டு உடலோடு ஒட்டிவிடும், கதவுக் கோட்டுக்குள்ளும் இறங்கும். அந்த நேரத்தில் விரலால் நீவினால் எண் கிழியும். கதவு எண்கள் முதலில், பிறகு கூரை, பானெட். முன்சக்கரத்துக்குப் பின்னால் அடுக்கடுக்காக வரும் சிறு விளம்பரங்களைக் கடைசியில், பந்தயத்தன்று எடுத்த புகைப்படத்தைப் பார்த்து ஒட்டுங்கள். பெட்டியோடு வரும் வழிகாட்டிப் படத்தில் அவற்றின் வரிசை தவறாக இருப்பது உண்டு.

மேல் பூச்சுத் தெளிவு லாக்கரை ஒட்டுப்படத்தின் மேல் நேராக ஈரமாக அடித்தால் படம் சுருண்டுவிடும். முதல் மூன்று பூச்சு வெறும் தூறல், கால் மணி நேர இடைவெளியில். நான்காவதை மட்டும் நனையும்படி அடியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு 2000, 3000 எண் தாளால் நீர் தொட்டுத் தேய்த்து மெருகுப் பசை போட்டால் ஒட்டுப்படத்தின் விளிம்பு மறையும். மட்கார்டு முனை, பானெட் ஓரம் போன்ற கூர்மையான இடங்களில் வண்ணம் மெல்லியதாக இருக்கும். அங்கே தேய்க்காமல் ஒட்டுநாடா ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

டயரில் ஒரு ஆபத்து இருக்கிறது, வெப்ப நாட்டில் அது சீக்கிரமே வெளிப்படும். பெட்டியில் வரும் டயர் மென்மையான வினைல். அதிலுள்ள மென்மையாக்கும் எண்ணெய் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்தை உருக்கிவிடும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் சக்கரத்தின் விளிம்பு டயரோடு ஒட்டிக் குழைந்து கிடக்கும். சக்கர விளிம்பைச் சுற்றி ஒரு வரி அலுமினியத் தாளைச் சுற்றி, அதன் மேல் டயரை மாட்டினால் போதும். டயரின் பக்கத்தில் குட்இயர் எழுத்தை மஞ்சளாகத் தீட்டுவதற்குப் பல் குச்சியின் முனை தூரிகையைவிட நன்றாக வேலை செய்யும். 2024இல் மூடும்வரை ஷா ஆலமிலேயே குட்இயர் தொழிற்சாலை இருந்தது. அந்த எழுத்து நம் ஊருக்குப் புதியதல்ல. சுற்றிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டாலும், இந்த விளையாட்டில் எல்லாம் டயரில்தான் முடிவாகிறது என்பதை இங்கே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1950இல் டார்லிங்டனின் முதல் 500 மைல் பந்தயத்தில் 75 கார்கள் ஓடின. மெதுவான பிளிமத் காரில் கடினமான லாரி டயர் மாட்டி வந்த ஜானி மான்ட்ஸ், மற்றவர்கள் டயர் வெடித்து நின்றுகொண்டிருக்க, ஒன்பது சுற்று வித்தியாசத்தில் வென்றார்.

ஜன்னல் கண்ணாடிக்கு சூப்பர் பசை வேண்டாம். ஈரக்காற்றில் அது வேகமாக இறுகும், வெளிவரும் ஆவி கண்ணாடியை வெள்ளையாக மூடும். பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசையே போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

மழையால் வேலை நின்றுபோகும் நாள்களுக்கு நேரடிப் பந்தயமும் உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் அரை மைல் தளத்தில் ஸ்நோபால் டெர்பி, 300 சுற்று, நமக்குத் திங்கள் விடியற்காலை. ஜனவரியில் டல்சாவில் கூரைக்குள் மண் தளத்தில் சில்லி பவுல். கிறிஸ்டஃபர் பெல்லும் கைல் லார்சனும் ஆளுக்கு மூன்று முறை வென்ற பந்தயம் அது. இறுதிப் போட்டி நமக்கு ஞாயிறு காலை, பசியாறிக்கொண்டே பார்க்கலாம். ஜனவரி கடைசியில் டேடோனாவில் 24 மணி நேரப் பந்தயம், ஞாயிறு அதிகாலை 2.40 வாக்கில் தொடங்கும். தூக்கம் கெடாமல் பார்க்க வேண்டுமென்றால் நியூசிலாந்துதான் வழி. அங்கே இது கோடை, ஸ்டாக் கார் மும்முரமாக ஓடும் நேரம். அந்த ஊர் ஸ்டாக் காரில் மற்றவரை இடிப்பது விதிப்படி அனுமதிக்கப்பட்டது என்பதால் பார்க்கும் கண்ணையே மாற்றிக்கொள்ள வேண்டும். சனி இரவு 7 மணிப் பந்தயம் நமக்குப் பிற்பகல் 2 மணி. ஆஸ்திரேலியாவின் வார்னம்பூலில் ஜனவரியில் ஸ்பிரின்ட் கார் பந்தயம், மூன்று மணி நேரம்தான் வித்தியாசம்.

ஐரேசிங் என்ற கணினிப் பந்தய விளையாட்டை ஓட்டுபவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. திரையின் பார்வைக் கோணத்தைக் கணக்கிட்டு வையுங்கள். 27 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர், கண்ணிலிருந்து தூரமும் 60 என்றால் கோணம் 53 பாகை. பெரும்பாலோர் 80, 90 வைத்துக்கொண்டு வளைவின் தூரத்தைத் தவறாகக் கணித்துச் சுவரில் மோதுகிறார்கள். இடி முழங்கத் தொடங்கினால் மின்கம்பியோடு மோடத்தின் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

தைப்பூசம் நெருங்கும்போது காரின் உடலும் அடிச்சட்டமும் இணைந்திருக்க வேண்டும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் டேடோனா வேலை தொடங்கிவிடும். புதன் இரவு அங்கே நடக்கும் தகுதிச் சுற்று முன்வரிசை இரண்டு இடத்தை மட்டும் முடிவு செய்யும். வியாழன் இரவின் இரண்டு டுவல் பந்தயம் நமக்கு வெள்ளி காலை 8 மணிக்குத் தொடங்கும். முதல் டுவல் உள்வரிசையையும் இரண்டாவது வெளிவரிசையையும் நிரப்பும். சார்ட்டர் என்ற நிரந்தர இட உரிமை உள்ள 36 கார்களுக்கு இடம் உறுதி, மிச்ச இடத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் அந்தக் காலை வாழ்வா சாவா. நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரிசையாக 20, 20 கட்டம் போட்டு வைத்து, வெள்ளிக்கிழமை காலையே எண்களை நிரப்பிவிடுங்கள். பந்தயம் அமெரிக்காவில் ஞாயிறு பிற்பகல் 2.30, நமக்குத் திங்கள் அதிகாலை 3.30. குளிர்காலம் என்பதால் வித்தியாசம் 13 மணி நேரம். கோடையின் 12 மணி நேரக் கணக்கிலேயே கடிகாரத்தில் மணி வைத்தால் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள்.